அண்ணி பாடும் இடம்

அண்ணனின் வலது பாதம், கிட்டார் ஓசையை மாற்றும் பெட்டியின் ஸ்விட்சின் மேல் இறங்கியதைப் பார்த்தேன். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு மேடையில் நிற்கிறவர்களின் முதுகும் காலும்தான் தெரியும். யார் பதறுகிறார்கள், யார் தாளத்தை விடப்போகிறார்கள் என்று குதிகாலைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். பெட்டியில் சின்ன விளக்கு எரிந்தது. அண்ணனின் தோள் முன்னால் சாய்ந்தது. பாட்டில் அந்த இடம் வந்துவிட்டது. ஆனால் வரவேண்டிய ஓசை வரவில்லை. கிட்டார் கரகரத்தது, தடித்தது, உறுமியது; எழவில்லை. கீபோர்டுக்கும் சபைக் கூடத்தில் பாடும் ஜனத்துக்கும் அடியில், அடுத்த வீட்டில் யாரோ சண்டை போடுவதுபோல மங்கலாகக் கேட்டது. நான் தலையைத் தூக்கிக் கூடத்தின் கடைசியைப் பார்த்தேன். அங்கே மிக்சர் மேஜைக்குப் பின்னால் என் கணவர், இரண்டு கையையும் அக்குளில் செருகிக் கட்டிக்கொண்டு, கூரையில் ஓடும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாட்டின் மிச்சத்தை ஒரு இடிபோல அடித்து முடித்தேன். திரைச்சீலை தைக்கும் கடையில் நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற கால் இது. இந்தக் காலுக்காகத்தான் என்னை டிரம்ஸில் உட்கார வைத்தார்கள் என்று பேஸ் கிட்டார் வாசிக்கும் மருந்துக் கடைக்காரர் கேலி செய்வார். அவரை நாங்கள் மாத்திரை என்று கூப்பிடுவோம்.

அந்தப் பாட்டு அண்ணன் கட்டியது. எல்லோரும் சேர்ந்து உச்சத்தில் பாடி முடித்த பிறகு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரே ஒரு குரல் தனியாக எழுந்து போகும். அது அண்ணியின் குரல். போன வருஷம் அண்ணி காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கீபோர்டு வாசிக்கும் பெண்ணை அந்த வரியைப் பாடச் சொன்னார் பாஸ்டர். அண்ணன் வேண்டாம் என்றார். "அந்த இடத்தை நான் வாசிச்சுக்கிறேன்." அன்றிலிருந்து அந்த வரிக்கு வார்த்தை கிடையாது, கிட்டார்தான். அதற்காகத்தான் இரண்டு பெட்டி. ஓவர்டிரைவ் என்பார்கள். கிட்டாரின் சுத்தமான ஓசையைக் கொஞ்சம் புண்ணாக்கி, தொண்டை கட்டின மனுஷன் பாடுவதுபோல ஆக்கித் தரும் இரும்புப் பெட்டி. பெரிய பெட்டி பாட்டு முழுக்க எரிந்துகொண்டிருக்கும். அந்த இடம் வரும்போது சின்னதையும் மிதிப்பார். இரண்டும் சேர்ந்தால் கிட்டார் எல்லோருக்கும் மேலே போகும் என்பது அவர் கணக்கு. சபையில் எல்லோரும் அதை இன்னும் "அக்கா பாடுற இடம்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆராதனை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். முன் வரிசையில் உட்காரும் ஒரு அம்மா மேடை ஓரத்துக்கு வந்து, "என்னப்பா, இன்னைக்கு அக்கா பாடுற இடம் காணவே காணோம்?" என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அண்ணன் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மிக்சர் மேஜைக்குப் போனார். நான் குச்சிகளைக் கையில் பிடித்தபடியே பின்னால் ஓடினேன்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க மச்சான்."

"என் கிட்டார் உங்களை என்ன பண்ணுச்சு?"

"நான் எதையும் தொடவே இல்லையே. நேத்து ஒத்திகையில நாலு பேரு முன்னாடி நீங்கதானே சொன்னீங்க, என் சத்தத்துல கை வைக்காதீங்கன்னு. வைக்கல."

"கை வைக்காமலா இப்படிக் கேக்குது? ஊர்ல உள்ளவன் காதை எல்லாம் டெஸ்ட் பண்றீங்களே, உங்க காதை யாரு டெஸ்ட் பண்றது?"

என் கணவர் செவித்திறன் பரிசோதிக்கும் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். மாத்திரை சிரித்துவிட்டு, சிரித்தது தப்பு என்று புரிந்து, தன் பேஸ் கிட்டாரின் உறையை மூடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"நாள் பூரா பஸ் இன்ஜின் பக்கத்துல உக்காந்திருந்தா, அப்புறம் எந்தச் சத்தமும் பத்தாதுதான் மச்சான்" என்றார் என் கணவர். அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறார். அதோடு நின்றிருந்தால் அதுவும் வழக்கமான வாய்ச்சண்டையாகப் போயிருக்கும். ஆனால் அண்ணன் மேஜையில் கையை ஊன்றி, மரியாதையை விட்டுவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "அவ இருந்தப்பவும் அவ குரலை அமுக்கின. செத்தும் விடமாட்டேங்கிற இல்ல?"

என் கணவரின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அண்ணியை அவர் அக்கா என்று கூப்பிடுவார். ஒப்புக்குக் கூப்பிட்டதல்ல அது. ஆஸ்பத்திரியில் கடைசிவரை அண்ணனோடு மாறி மாறிக் காவல் இருந்தது அவர்தான்.

"வர்ற ஞாயிறு வாசிக்கிறேன்னு பாஸ்டருக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அதோட சரி. அதுக்கப்புறம் டிப்போ பக்கத்துல ஒரு சபை இருக்கு, அங்க போயிடறேன். உன் வீட்டுக்கும் வரல பாப்பா. சாப்பாடு எடுத்து வைக்காதே."

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுவதுதான் அண்ணன் வாரத்தில் இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே சாப்பாடு. மற்ற நாளெல்லாம் டிப்போ கேன்டீனில் நின்றபடியே விழுங்குவார். அந்த ஒரு மதியத்தில்தான் சிரிப்பார், பயணிகளைப் பற்றிக் கதை சொல்வார், சாப்பிட்டுவிட்டு எங்கள் சோபாவில் குறட்டை விடுவார். அதையும் அறுத்துக்கொண்டு போனால் அந்த ஆள் என்ன ஆவார்? குளியலறையில் வழுக்கி விழுந்தால்கூட யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் கூடத்து வாசலில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. ஆண்டவரே, இந்த இரண்டு பேரையும் நீரே பார்த்துக்கொள்ளும், நான் பார்த்தால் அடித்துவிடுவேன் என்று மட்டும் ஜெபித்தேன். அது ஜெபத்தில் சேருமா என்று தெரியவில்லை.

வீட்டில் இரண்டு தட்டு வைத்தேன். மூன்றாவதை எடுத்து, மறுபடி அலமாரியில் வைத்த சத்தத்தில் என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அதைத்தான் கேக்கறேன். ஒண்ணும் பண்ணாததுக்கே இப்படின்னா, மத்த நாளெல்லாம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். பிறகு தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, செம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் ஊற்றினார். "இது உங்க அண்ணனோட பெரிய பெட்டி. ஏற்கெனவே நிரம்பிடுச்சு. சின்னப் பெட்டி இதுக்கு முன்னாடி இருக்கு. கிட்டார் முதல்ல அதுக்குள்ள போய்த்தான் இதுக்குள்ள வருது. அதை மிதிச்சா என்ன ஆகும்?" மேலும் ஊற்றினார். தண்ணீர் வழிந்து மேஜை விரிப்பை நனைத்தது. "மட்டம் உயருதா? வழியுது, அவ்வளவுதான். கரகரப்பு கூடும், சத்தம் கூடாது. அந்தச் சின்னது பெரிசுக்குப் பின்னாடி இருந்துச்சுன்னா, டம்ளரையே தூக்கும்." நனைந்த டம்ளரை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"இதை அவர்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னேனே. ரொம்ப நாளாச்சு. 'அந்தச் சின்னதைத் தூக்கிப் பின்னாடி போடுங்க மச்சான்'னேன். நான் என்னமோ அவர் சட்டையைப் பிடிச்ச மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அதோட வாயை மூடிக்கிட்டேன். அந்த இடம் வரும்போது மிக்சர்ல கிட்டார் சத்தத்தை நானே கையால தூக்கிவிடுவேன். முடிஞ்சதும் இறக்கிடுவேன். மேடையில நிக்கிறவருக்கு அது கேக்காது, பக்கத்துல இருக்கிற அவர் ஆம்ப் ஸ்பீக்கர்தான் கேக்கும். ஆனா கூடத்துக்குக் கேட்டுச்சு. அக்கா பாடுற இடம் அக்கா பாடுற இடம்னு எல்லாரும் கண்ணைத் துடைச்சாங்களே, அது போதும்னு இருந்தேன். நேத்து அத்தனை பேர் முன்னாடி, நான் குறைக்கிறேன்னு சொன்னாரு பாரு..." 

எனக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் அப்படியே இருக்க, இவர் மேல் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒருவனைத் தூக்கிப் பிடித்த கை, ஒரு நாள் அக்குளுக்குள் போனது; அதுவும் அவன் வேறெதையும் பேசத் தெரியாமல் பேசுகிற அந்த ஒரு வரியில். அறைந்திருந்தால்கூட அண்ணனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. "செஞ்ச நல்லதை எடுத்து அவரையே அடிச்சிருக்கீங்க" என்றேன். அவர் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குக் காலை ஷிஃப்ட் இருந்த ஒரு நாளாகப் பார்த்து, கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் சாப்பாட்டு டப்பா. எடுத்து வைக்காதே என்றுதானே சொன்னார், எடுத்து வராதே என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தவர் சீருடையில் இருந்தார், ஒரு காலில் மட்டும் காலுறை. டிரைவர் சீட்டில் போடும் மெத்தை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பதிலாக, அந்த இரண்டு பெட்டியையும் பொருத்திய பெடல் பலகை இருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"அவன் அனுப்பினானா?"

"என்னை யாரும் அனுப்ப வேண்டாம். எனக்குக் கால் இருக்கு. அதை எடுத்து வாசிங்க."

"பாப்பா, தலைவலிக்குது, போ."

"எனக்கும்தான் வலிக்குது. வாசிங்கன்னேன்."

எங்கள் அம்மாவின் குரல் எனக்கு எப்போதாவது வரும். அப்போது வந்தது. அவர் வீட்டிலிருந்த குட்டி ஆம்ப்பில் வயரைச் சொருகி, பெரியதை மிதித்து, அந்த வரியை வாசித்தார். பிறகு சின்னதை மிதித்து வாசித்தார். அவர் கண் மூடிக்கொண்டது. விரலுக்கடியில் கம்பி அதிகமாக முறுக்கேறி நின்றிருக்க வேண்டும். அவருக்கு அது எழுந்ததுபோலத்தான் இருந்திருக்கும். நான் கதவருகே நின்றேன். சத்தம் தடித்தது. ஒரு அடிகூட உயரவில்லை.

சொன்னேன். டம்ளர், தண்ணீர், கையால் தூக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, முதலில் நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப இத்தனை நாள் ஜனங்க அழுதது என் வாசிப்புக்கு இல்லை? அவன் கைக்கு?"

"அண்ணா, அப்படி இல்ல..."

"எனக்குப் பிச்சை போட்டிருக்கான். ஒரு வருஷமா, பின்னாடி உக்காந்து, எனக்கே தெரியாம பிச்சை போட்டிருக்கான். இந்த ஞாயிறு போடலை. அவ்வளவுதானே?"

"அவர் சொன்னாராமே, மாத்தி வைங்கன்னு. நீங்கதானே முறைச்சீங்க. சின்னதை எடுத்துப் பின்னாடி வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா?"

அவர் எழுந்துவிட்டார். கிட்டார் நாற்காலியில் இடித்து ஆம்ப்பில் ஒரு உறுமல் எழுந்தது. "இது யாரு வாங்கினதுன்னு தெரியுமா உனக்கு? அவ. என் பிறந்த நாளுக்கு, அவ சம்பளத்துல. டப்பாவைப் பிரிச்சு, கிட்டார் வயரைப் பிடுங்கி, முதல்ல இதுல சொருகினா. 'நீ கம்பியைத் தொட்டா அது முதல்ல என்கிட்டதான் வரணும், அப்புறம்தான் ஊருக்கு'ன்னா. அதைத் தூக்கிப் பின்னாடி போடச் சொல்றான் உன் புருஷன். தூக்கிப் பின்னாடி போடணுமாம். எப்ப சொன்னான் தெரியுமா? அவளை அடக்கம் பண்ணி மண்ணு காயறதுக்குள்ள."

எனக்குப் புரிந்தது. ஆனால் கோபம் அடங்கவில்லை. அது எங்கே போவதென்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது. பேசத் தெரியாத இரண்டு ஆண்களைக் கடவுள் என் பங்குக்கு ஏன் கொடுத்தார்?

"அவருக்கு அது எப்படித் தெரியும்? சொன்னீங்களா?"

"ஏன் சொல்லணும்?"

"ஏன்னா அவரும் அக்கான்னுதான் கூப்பிட்டார். உங்களுக்கு மட்டுமா அண்ணி செத்தாங்க?" என் குரல் உடைந்தது, உடைந்ததற்காகவும் கோபம் வந்தது. "அப்புறம் ஒண்ணு. அண்ணி என்னைக்காவது முதல்ல பாடியிருக்காங்களா? நாம எல்லாரும் தொண்டை கிழியக் கத்தி ஓஞ்ச பிறகுதான் வாயைத் திறப்பாங்க. கடைசி ஆளா. அதனாலதான் கேட்டுச்சு."

"போ பாப்பா."

"மாத்தி வைப்பீங்களா?"

"போன்னு சொன்னேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினேன். தெருவுக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பா கையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்ப மாடி ஏறி, கதவைத் தட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். "டப்பாவைக் கழுவி வைங்க" என்றேன். "ம்" என்றார். கதவு மூடியது.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை யார் வாங்கியது, எங்கே சொருகினார், என்ன சொல்லிச் சொருகினார். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "எனக்கு ஏன் யாருமே சொல்லல? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று நுரைக் கையை உதறினார். பிறகு குழாயை நிறுத்தினார். "தூக்கிப் பின்னாடி போடுங்கன்னேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக, அதையே சொன்னார். "மாத்தி வைக்கிறேன்னாரா?"

"போன்னுட்டார். அவராவது, மாத்தறதாவது."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தார்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு அண்ணன் வரவில்லை. இன்னொரு டிரைவரின் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். கிட்டார் இல்லாமலே ஒத்திகை நடந்தது. என் கணவர் மிக்சரில் எல்லோருடைய சத்தத்தையும் சரி பார்த்தார், கிட்டார் வரிசையை மட்டும் அப்படியே விட்டார். "அண்ணன் நாளைக்கு வருவாரா?" என்று கீபோர்டு பெண் கேட்டாள். "வாக்குக் குடுத்திருக்காரு, வருவாரு. அப்புறம்தான் போறாரு" என்றார் மாத்திரை. நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேஸ் கிட்டாரை மீட்டத் தொடங்கினார், அதை ஆம்ப்பில் சொருகாமலே.

ஞாயிறு. பாஸ்டர் தொடக்க ஜெபம் செய்யும்போது அண்ணன் பக்கவாசல் வழியாக வந்தார். எல்லோரும் கண் மூடியிருந்தார்கள், நான் மூடவில்லை. பலகையைத் தரையில் வைத்தார், குந்தி உட்கார்ந்து வயர் சொருகினார், எழுந்தார். அவர் முதுகு எனக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் மேஜைக்குப் பின்னால் என் கணவரும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஒருவர் மேடை, ஒருவர் சுவரோரம், நடுவில் முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். என் தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. அடித்தேன். காணிக்கை எடுத்தார்கள், அறிவிப்புகள் வாசித்தார்கள். பிறகு அண்ணனின் பாட்டு. அவர் பெரிய பெட்டியை மிதித்தார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். இதுதான் கடைசி என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. குரல்கள் ஏறிக்கொண்டே போய் உச்சத்தில் முட்டின. ஆண்டவரே, எழும்பாவிட்டாலும் பரவாயில்லை, இவர் சாப்பிட வந்தால் போதும் என்று நினைத்தேன். அண்ணனின் கால் அசைந்தது.

வலது ஓரத்துக்குப் போக வேண்டிய பாதம். அங்கேதான் சின்னப் பெட்டி எப்போதும் இருக்கும், கிட்டார் வயர் வந்து சேருகிற முதல் இடத்தில். பாதம் அங்கே போகவில்லை. பெரிய பெட்டியைத் தாண்டி, பழக்கமில்லாத ஒரு அடி எடுத்து, இடது ஓரத்துக்குப் போனது.

சின்னப் பெட்டி இப்போது அங்கே, பெரியதற்குப் பின்னால் இருந்தது. தலையைத் தூக்கினேன். கூடத்தின் கடைசியில் என் கணவர் எழுந்து நின்றிருந்தார். அவருடைய கை, மிக்சரில் கிட்டார் சத்தத்தைக் கூட்டும் கட்டையைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. வழக்கமாகத் தூக்கும் அளவுக்கு அல்ல; ஒரு வாரத்துக்கான கடனையும் சேர்த்துத் தூக்குகிறவர்போல, கை போகும் மட்டுக்கும். ஐயோ, வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். என் இரண்டு கையிலும் குச்சி இருந்தது.

அது எழுந்தது. டம்ளர் மட்டுமல்ல, மேஜை, வீடு, கூரை எல்லாம் எழுந்ததுபோல எழுந்தது. கீபோர்டு காணாமல் போனது. முந்நூறு பேரின் குரல் காணாமல் போனது. அண்ணியின் வரியின் முதல் ஸ்வரம் கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைப் பிடித்து உலுக்கி, பெரிய ஸ்பீக்கர்களில் நுழைந்து, திரும்பி வந்து தன்னையே பிடித்துக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாஸ்டர் தோளைக் குறுக்கிக்கொண்டார். மாத்திரை வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். உதடு மட்டும் அசைந்தது.

என் கணவர் கையை இறக்க வேண்டும். இறக்கவில்லை. அண்ணன் காலை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. கழுத்து மெல்ல நிமிர, அண்ணன் தன் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து, காதைப் பொத்திய அத்தனை தலைகளுக்கும் மேலே, அந்த மேஜையைப் பார்த்தார். அங்கிருந்து என் கணவர் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார், கை இன்னும் உச்சத்தில். அண்ணனின் விரல் அடுத்த ஸ்வரத்துக்கு நகர்ந்தது. ஊளைக்கு நடுவில் அந்த வரி, தொண்டை கட்டினதுபோல, ஒவ்வொரு அடியாக ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று யாரும் எனக்குச் சைகை காட்டவில்லை. என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.